கதவை அவரே திறக்கட்டும்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டால்? யாராவது சிரித்துவிட்டால்? பேசுவதற்குப் பதிலாக எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால் அதற்கும் பயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழையிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இப்போது விடுதி இருக்கிறது, மேஜை இருக்கிறது, சம்பளமும் வருகிறது. நாங்கள் தொடங்கியபோது எங்களிடம் இருந்தது ஒரு குதிரை லாயம். மைசூரில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருடையது. கன்னடக்காரர், தமிழ் தெரியும், தமக்கு வேண்டிய அளவுக்கு. பெயரை எங்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், ஆகவே ஜட்காக்காரர் என்றே சொல்கிறேன். அவருக்கும் எனக்கும் ஒரே வயசு, ஒரே சாராயக் கடை, பிறகு ஒரே சிறை. குடியை விட்டதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான். சனிக்கிழமை சாயங்காலம் அந்த லாயத்தில் எங்களைப் போன்றவர்கள் கூடுவோம். குதிரை கொள்ளு தின்னும், நாங்கள் அந்த வாரம் எப்படிக் குடிக்காமல் இருந்தோம் என்று சொல்லிக்கொள்வோம். அதுதான் சங்கம்.

எங்கள் வேலையும் அதிலிருந்து வந்ததுதான். குடியால் உள்ளே போனவன் வெளியே வரும் நாளில் சிறை வாசலில் நின்று, அவனை அவன் வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஏன் வீடு வரைக்கும்? சிறைக்குள் குடிக்காமல் இருந்ததை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே கிடைக்கவில்லை, குடிக்கவில்லை, அவ்வளவுதான். வெளியே வந்து, பாசத்தோடு நீட்டுகிற ஒரு கையைப் பார்த்து முதல் தடவையாக 'வேண்டாம்' என்று சொல்கிறானே, தொடக்கம் அங்கேதான். அந்த நிமிஷத்தில் பக்கத்தில் ஒருவன் நிற்க வேண்டும். அவனும் குடித்துக் கெட்டவனாக இருக்க வேண்டும்.

ஜட்காக்காரர் இதற்கு இரண்டு விதி வைத்திருந்தார். தனியாகப் போகாதே, இருவராகப் போ. இது ஒன்று. மற்றது கதவைப் பற்றியது.

சிறைக்கு எதிர்ப்புறம் ஒரு டீக்கடை. மரத் தள்ளுகதவு போட்ட கடை. வெளியே வருகிறவனை முதலில் அங்கே கூட்டிப்போவோம். கதவுக்கு முன்னால் வந்ததும் அவன் நின்றுவிடுவான். எல்லாரும் அப்படித்தான். உள்ளே இருக்கும்போது நாம் எந்தக் கதவையும் திறப்பதில்லை. யாரோ திறப்பார்கள், யாரோ பூட்டுவார்கள். நம் கைக்கு அந்தப் பழக்கம் போய்விடுகிறது. வெளியே வந்த புதிதில் நானே என் அக்காள் வீட்டு வாசலில் யாராவது வந்து திறப்பார்கள் என்று வெயிலில் நின்றிருக்கிறேன். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது.

"நீ தொறக்காதே சவரி," என்பார் ஜட்காக்காரர். "நிக்கட்டும். அவன் கையே தொறக்கட்டும். டீ ஆறிப் போனா இன்னொரு டீ."

கேட்க எளிதாக இருக்கிறது. எனக்கோ அந்த ஒரு நிமிஷம் உயிர் போகும். வழியை மறித்துக்கொண்டு நிற்கிறோமே, கடைக்காரர் என்ன நினைப்பார், போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று என் கை தானாகக் கதவுக்குப் போய்விடும். அந்தக் கை செய்த வேலையைத்தான் சொல்லப் போகிறேன்.

மாதப்பன் என்று ஒருவர். ஹனூரைத் தாண்டி, மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்க்காரர். கொள்ளேகால் பகுதி அப்போதுதான் மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்திருந்தது. மாதப்பன் ஒருநாள் குடித்துவிட்டு, மனைவியின் அண்ணன் நாச்சிமுத்துவோடு வரப்புச் சண்டை போட்டு, அவருடைய வைக்கோற்போருக்குத் தீ வைத்துவிட்டார். போரை ஒட்டிக் கட்டியிருந்த உழவு மாடு வெந்து செத்தது. அதற்குத்தான் சிறை.

மனைவி பழனியம்மா அதே ஊரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரே ஒரு முறை மைசூர் வரை வந்து கம்பிக்கு அந்தப்புறம் நின்று சொன்னாராம்: "குடிக்காம வாங்க, நானும் ஊட்டுக்கு வந்தர்றேன். ஒரு சொட்டு நாக்குல பட்டுச்சுன்னாலும் எங்கண்ணன் ஊட்லயேதான் இருப்பேன்." ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் உள்ளே பார்க்கப் போகும்போதெல்லாம் மாதப்பன் இதை ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் வேறு பேச்சுப் பேசுவார்.

அவர் வெளியே வரும் நாளில் ஜட்காக்காரரின் குதிரைக்கு வயிற்றுவலி கண்டு படுத்துவிட்டது. நான் லாயத்துக்கு ஓடினேன். அவர் குதிரையின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போ சவரி. இல்லாட்டி அவன் ஒண்டியாப் போவான்."

"ரெண்டு பேராப் போகணும்னு நீதானப்பா சொன்னே?"

"நான் சொன்னேன். இந்தக் குதிரைக்கு யார் சொல்றது?"

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"உனக்கு எப்போ பயமா இல்லே? நோடு, இங்கே பாரு, பயம் பக்கத்துல உக்காந்து வரட்டும். லகானை மட்டும் அது கையில குடுக்காதே. பேச வேண்டியது அவன். நீ பக்கத்துல நில்லு, போதும்."

வாசலில் மாதப்பன் ஒரு துணிமூட்டையோடு வெளியே வந்தார். டீக்கடைக் கதவின் முன்னால் நின்றார். நானும் நின்றேன். கொள்ளேகால் பஸ் போய்விட்டால்? அடுத்த பஸ்ஸில் இடமில்லாவிட்டால்? கதவை நானே தள்ளித் திறந்துவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சிறையில் தலை எண்ணும்போது போகிறவர் போல உள்ளே போனார். பஸ் எங்களுக்குப் பிறகும் வெகுநேரம் நின்றுகொண்டுதான் இருந்தது.

ஊர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவருடைய சித்தப்பா வீட்டில் தங்கினோம். காலையில் களி தின்றுகொண்டிருந்தபோது சித்தப்பா சாதாரணமாகச் சொன்னார்: "உச்சிப் பொழுதுக்கு முனியப்பங் கோயில்ல பூசைங்க. மச்சானும் மச்சானும் ராசியாகோணுமில்ல?"

"நல்லதுங்க," என்றேன். "ராசின்னா எப்படிங்க?"

"கெடா வெட்டி, சாமிக்குச் சாராயம் வெச்சு, ஒரே கொட்டாங்குச்சியில நாச்சிமுத்து பாதி குடிப்பான், இவன் பாதி குடிப்பான். அத்தோட பகை தீந்துது. எங்க பாட்டன் காலத்துல இருந்து அப்படித்தானுங்க."

கையிலிருந்த களியைத் தட்டிலேயே போட்டேன். மதுவிலக்கு இருந்த ஊர்தான். ஆனால் சாமிக்கு என்று காட்டுக்குள்ளிருந்து வருகிற குடத்தை யாரும் தடுப்பதில்லையாம். குடித்தால் பழனியம்மா வரமாட்டார். குடிக்காவிட்டால் பகை தீராது, தங்கையை அனுப்ப அண்ணன் சம்மதிக்க மாட்டார். இரண்டு பக்கமும் வாசல் அடைத்திருந்தது. மாதப்பனைப் பார்த்தேன். குனிந்து களியை உருட்டிக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கை கழுவப் போகிறவன் போல வெளியே வந்து, விசாரித்துக்கொண்டு நேராகப் பூசாரி வீட்டுக்குப் போனேன். அவர் அருவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"பூசாரி ஐயா, ஒரு உதவி. மாதப்பன் முறை வரும்போது கொட்டாங்குச்சியில சாராயத்துக்குப் பதிலா இளநீர் ஊத்திக் கொடுக்க முடியுமாங்க? யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவர் தீட்டுவதை நிறுத்தினார். "ஏனுங், நீங்க எந்தக் கோயிலு?"

"மாதா கோயிலுங்க. நான் வேதக்காரன்."

"உங்க சாமிய நீங்க இப்படித்தான் ஏமாத்துவீங்களா?"

நான் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன். சித்தப்பா வீட்டுக்கு நான் வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. சின்ன ஊர். நாச்சிமுத்து தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். நல்ல உயரம், நல்ல தொண்டை.

"எம்பட மாட்டைக் கொளுத்துனவன், இப்ப சாமிக்கே எளநி வேசம் கட்ட வந்துட்டானா? அதுக்கு மைசூர்ல இருந்து ஒரு வக்கீலு வேறயா? பூசையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எந்தங்கச்சி எங்கூட்லயே இருக்கட்டும்!"

சித்தப்பா காலில் விழாத குறையாக அவரைச் சமாதானம் செய்து, பூசை மட்டும் நடக்கட்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். எனக்கு அப்போதே பஸ் ஏறிவிடத் தோன்றியது. அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

கொல்லைப்புறத்தில் மாதப்பன் உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஏனுங்ணா, நாங் குடிச்சுப்போடுவேன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

எத்தனையோ சமாதானம் வாயில் வந்தது. நமக்குள் பேசும்போது அதெல்லாம் செல்லாது. ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் நாம்.

"ஆமாம் மாதப்பா. நானா இருந்தா குடிச்சிருப்பேன். அந்தப் பயம்தான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க மொதமொத வேண்டாம்னு சொன்னப்ப என்னன்னு சொன்னீங்க?"

"எங்க சொன்னேன்? எங்க சித்தப்பா மகன் வீட்டு ஞானஸ்நான விருந்து. தம்ளரை நீட்டினாங்க. ஒரு வார்த்தை வரலை. பந்தியிலிருந்து எழுந்து ஓடினேன். அக்காள் வீடு வரைக்கும் நிக்கவே இல்லை. செருப்பைக்கூட அங்கேயே விட்டுட்டேன்."

மாதப்பன் சிரித்துவிட்டார். சிறையில் அத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்தும் அவருடைய சிரிப்பை நான் கேட்டதில்லை. சிரித்து முடித்துவிட்டு, "எனக்கு ஓடறதுக்கு எடமில்லீங்ணா. அங்க அவ நிப்பா," என்றார். "நீங்க எதும் பேச வேண்டாம். வந்து நில்லுங்க. அது போதும்."

ஜட்காக்காரர் சொன்ன அதே வார்த்தை. இவர் அவரைப் பார்த்துப் பேசியதே கொஞ்சம்தான்.

முனியப்பன் கோயில் என்றால் கட்டடம் ஒன்றுமில்லை. புளியமரத்தடியில் ஒரு கல், நட்டுவைத்த வேல்கள், சுற்றிலும் ஊர் ஜனம். பெண்கள் ஒரு பக்கம், அவர்களுக்கு முன்னால் பழனியம்மா. மெலிந்த உடம்பு, நேரான பார்வை. பூசாரி குடத்தின் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். அந்த வாடை வந்தது பாருங்கள். விட்டு எத்தனையோ காலமான பிறகும் என் நாக்கின் அடியில் நீர் ஊறியது. மாதப்பனுக்காகப் பயந்துகொண்டிருந்தவன், அந்த நிமிஷம் எனக்காகப் பயந்தேன். இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். சட்டைப் பையில் ஜெபமாலை இருந்தது. மாதாவே, இந்தக் கையைப் பிடித்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

நாச்சிமுத்து கொட்டாங்குச்சியை வாங்கிப் பாதியைக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மாதப்பனிடம் நீட்டினார். "இந்தா. சாராயம்தான், மோந்து பாத்துக்க. எளநி இல்ல." கூட்டத்தில் யாரோ என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மாதப்பன் இரண்டு கைகளாலும் வாங்கினார். முகத்துக்கு நேரே தூக்கினார். என் வாய் திறந்துவிட்டது. 'வேண்டாம்' என்ற சத்தம் தொண்டைவரை வந்துவிட்டது. துண்டின் நுனியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டேன். நான் இந்த வேலையில் செய்த ஆகப் பெரிய காரியம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் குடிக்கவில்லை. தூக்கிய கையோடு நடந்துபோய்க் கல்லின் முன்னால் நின்றார். குரல் முதலில் நடுங்கியது, போகப் போகத் தெளிந்தது.

"முனியப்பா, மச்சானோட மாட்டைக் கொன்னவன் நானு. அந்தத் தீ தீப்பெட்டியில இருந்து வரல, இதுக்குள்ள இருந்துதான் வந்துச்சு. காசிக்குப் போறவங்க புடிச்ச காயி ஒண்ணை அங்க விட்டுப்போட்டு வருவாங்க. நாங் காசிக்குப் போகல, செயிலுக்குத்தான் போனேன். இதை விட்டுப்போட்டு வந்திருக்கறேன். இன்னைக்கு மட்டுமில்ல, இனி எந்தப் பூசையிலயும் எம்பட பங்கு உனக்கே. நீயே குடிச்சுக்க."

கொட்டாங்குச்சியைக் கல்லின் அடியில் கவிழ்த்தார். மண் ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டது.

எல்லாரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து பூசாரியைப் பார்த்தார். பூசாரி கல்லைப் பார்த்தார். அடி விழுந்தால் யார் முதலில் என்றுகூட யோசித்துவிட்டேன்.

பெண்கள் பக்கமிருந்து பழனியம்மாவின் குரல் வந்தது.

"ஏண்ணா, ஒரே கொட்டாங்குச்சிதான? பாதி நீ குடிச்சே, பாதி சாமி குடிச்சுது. அவரு பங்கைச் சாமி வாங்கிக்கிச்சு. சாமி வாங்குனதை நீ செல்லாதும்பியா? நீ என்ன முனியப்பனுக்கு மேலயா?"

நாச்சிமுத்துவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. அவர் தங்கையைப் பார்த்தார், காலியான கொட்டாங்குச்சியைப் பார்த்தார். அதை மாதப்பன் கையிலிருந்து பிடுங்கித் தூர எறிந்தார்.

"இவளுக்கு வாயை வெச்சவன் எவன்டா!" என்றார். பிறகு மாதப்பனின் தோளில் ஓங்கி ஓர் அடி. "ஒத்தை மாட்டை வெச்சுட்டு எத்தனை நாளைக்கு ஏரோட்டறது? நாளைக்குக் காத்தால காட்டுக்கு வந்து சேரு. உழவு கெடக்குது."

கொட்டுக்காரர் அடிக்க ஆரம்பித்துவிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். மாதப்பன் கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் வாயிலிருந்த துண்டில் ஓட்டை விழுந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பூசாரி பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங் மைசூர்க்காரரே, எளநி வேணுங்களா? ஒங்களுக்குத்தான் இப்ப தேவைன்னு நெனைக்கறேன்."

வாங்கிக் குடித்தேன். வாழ்நாளில் அப்படி ஓர் இளநீர் நான் குடித்ததில்லை.

சாப்பாடு முடிந்து, மாதப்பன் வீட்டுக்கு நடந்தோம். அவர் முன்னால், மூட்டையோடு பழனியம்மா பின்னால், பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்ததால் நானும் கூட. வீட்டைச் சுற்றி வேலி, வேலிக்கு மூங்கில் படல். படல் சாத்தியிருந்தது. மாதப்பன் அதன் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். ஊரை எதிர்த்துத் துணிந்து நின்றவர், சாமியிடம் பேசியவர், தன் வீட்டுப் படலுக்கு முன்னால் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு யாரோ திறப்பதற்காக நின்றார்.

படல் எனக்குத்தான் பக்கம். என் கை எழுந்தது. கீழே போட்டேன்.

"என்னுங்க, யாரு வந்து தொறக்கோணும்னு நிக்கறீங்க?" என்றார் பழனியம்மா.

மாதப்பன் தன் கையை ஒரு முறை பார்த்தார். பிறகு படலைத் தள்ளினார். ஒரு பக்கம் சரிந்து, தரையைக் கீறிக்கொண்டு அது திறந்தது. பழனியம்மா மூட்டையோடு உள்ளே போனார்.

மைசூர் திரும்பியதும் லாயத்துக்குத்தான் போனேன். குதிரை எழுந்து நின்று புல் தின்றுகொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், இளநீரைக்கூட விடவில்லை. ஜட்காக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"காலையில தொறந்த வாயை மத்தியானம் மூடினியே, அதுவே தொட்ட காரியம் சவரி," என்றார். தொட்ட காரியம் என்றால் கன்னடத்தில் பெரிய காரியம். அவர் வாயால் நான் வாங்கிய ஒரே நற்சாட்சி.

உங்களுக்கும் பயம் வரும். வரட்டும். பயப்படாதவனை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம் என்பேன். ஆனால் நமக்கு வரும் பயத்தைக் குறைத்துக்கொள்வதற்காக அடுத்தவர் செய்ய வேண்டியதை நாம் செய்துவிடக் கூடாது. பூசாரியிடம் இளநீர் கேட்ட நான் மாதப்பனுக்காகக் கேட்கவில்லை, என் நெஞ்சு படபடப்புக்காகக் கேட்டேன். அவருக்கு உபயோகப்பட்டது என் யோசனை எதுவுமில்லை. நான் செருப்பை விட்டு ஓடிய கதைதான்.

அறுவடை முடிந்து ஒரு நாள் மாதப்பன் ராகி மூட்டையோடு லாயத்துக்கு வந்து நின்றார். இனி வாசலுக்குத் தானும் வருவதாகச் சொன்னார். மறுநாளே ஒருவர் வெளியே வந்தார், நஞ்சன்கூட்டுக்காரர். மாதப்பனும் நானும் போனோம். டீக்கடைக் கதவின் முன்னால் அந்த மனிதர் வந்து நின்றார். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நஞ்சன்கூடு பஸ் போய்விடுமே என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது, கை எனக்குத் தெரியாமலே முன்னால் போனது.

மாதப்பன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, கையை எடுங்க," என்றார் மெதுவாக. "அவரு தொறப்பாரு."

நின்றோம். அவர் திறந்தார்.